ஸ்போர்ட்ஸ் காரின் எடை: பந்தயத் தடத்துக்கு முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட பந்தயத் தடத்திலோ, கோயம்புத்தூரின் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க முதன்முறையாகப் பெயர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இன்ஜினின் குதிரைத்திறனை எப்படிக் கூட்டுவது என்றுதான் கேட்கிறார்கள். கார் எத்தனை கிலோ இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. ஆக்ஸிலரேட்டரை முழுமையாக மிதித்திருக்கும் நேரத்தில் மட்டுமே குதிரைத்திறன் பயன் தருகிறது. எடையோ பிரேக் பிடிக்கும்போதும், வளைவுக்குள் திரும்பும்போதும், வளைவிலிருந்து வெளியேறும்போதும் கணக்கில் வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே, கையிலிருக்கும் பணத்தையும் நேரத்தையும் முதலில் எடையின் பக்கம் செலவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதை எந்த வரிசையில் செய்வது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில், எடை என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். 1996-இல் வெளிவந்த முதல் லோட்டஸ் எலீஸின் எடை ஏறத்தாழ 725 கிலோ, அதன் 1.8 லிட்டர் இன்ஜின் தந்தது 118 குதிரைத்திறன். 2024-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 ஹைப்ரிட்டின் எடை ஏறத்தாழ 2,435 கிலோ. திறன் 717 குதிரைத்திறன். ஒரு டன்னுக்கு இத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பார்த்தால் எலீஸுக்கு 163, எம்5-க்கு 294. நேர்ப்பாதையில் எது முன்னே போகும் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் நேர்ப்பாதையின் முடிவில் ஒரு வளைவு காத்திருக்கிறது.

75 கிலோ எடையுள்ள ஓட்டுநரையும் சேர்த்து, இரண்டு கார்களும் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அந்த வேகத்தில் எலீஸ் சுமந்திருக்கும் இயக்க ஆற்றல் 10 லட்சம் ஜூல். எம்5 சுமந்திருப்பது 31 லட்சம் ஜூலுக்கும் மேல். வேகத்தைக் குறைப்பதற்கு, இந்த ஆற்றலின் பெரும்பகுதி பிரேக் டிஸ்க்குகளில் சில நொடிகளுக்குள் வெப்பமாக மாறியாக வேண்டும். ஒரு சுற்றில் அது ஒரு முறை நடந்தால் பெரிய காரின் பெரிய டிஸ்க்குகள் தாங்கிக்கொள்ளும். ஆனால் சுற்றுக்குச் சுற்று, வளைவுக்கு வளைவு நடக்கும்போது வெப்பம் வெளியேறுவதற்குள் அடுத்த வெப்பம் வந்து சேர்கிறது. எலீஸின் எடை எவ்வளவு குறைவு என்றால், தொடக்கத்தில் அதற்கு இரும்பு டிஸ்க்குகளுக்குப் பதிலாக அலுமினியக் கூட்டுப்பொருளால் ஆன டிஸ்க்குகளையே பொருத்தியிருந்தார்கள். உயர் வெப்பத்தில் இரும்பளவுக்குத் தாங்காத ஒரு பொருளைப் பிரேக்குக்குப் பயன்படுத்த முடிந்ததற்குக் காரணம் அந்தக் காரின் எடைதான். எடை குறைந்ததால் பிரேக் சிறிதானது. பிரேக் சிறிதானதால் எடை மேலும் குறைந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். பள்ளியில் படித்த இயற்பியலின்படி, டயரின் உராய்வு விசை அதன் மீதுள்ள எடைக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. அப்படியானால் கனமான காரும் இலகுவான காரும் ஒரே தூரத்தில்தானே நிற்க வேண்டும், ஒரே வேகத்தில்தானே வளைவைக் கடக்க வேண்டும்? கணக்கு சரிதான், ஆனால் ரப்பர் அந்தக் கணக்கின்படி நடப்பதில்லை. டயரின் மீதுள்ள பாரம் இரு மடங்கானால் அதன் பிடிப்பு இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. பாரம் கூடக் கூட ஒவ்வொரு கூடுதல் கிலோவுக்கும் கிடைக்கும் பிடிப்பு குறைந்துகொண்டே வருகிறது. பந்தயக் கார்களின் சஸ்பென்ஷன் வேலை பெருமளவுக்கு இந்த ஒரு குணத்தைச் சுற்றியே நடக்கிறது என்பதால், புதியவர்கள் இதை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

வளைவில் இதன் விளைவு இன்னும் தெளிவாகத் தெரியும். 1,400 கிலோ எடையும், தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும், இடது வலது சக்கரங்களுக்கிடையே 155 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு கார், புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையுடன் திரும்பும்போது, உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு ஏறத்தாழ 450 கிலோ பாரம் இடம் மாறுகிறது. அதே அளவுகள் கொண்ட 1,000 கிலோ காரில் 320 கிலோ அளவுக்குத்தான் மாறுகிறது. வெளிப்பக்க டயர் கூடுதலாகப் பெறும் பிடிப்பைவிட உள்பக்க டயர் இழக்கும் பிடிப்பு அதிகம் என்பதால், இடம் மாறும் ஒவ்வொரு கிலோவும் காரின் மொத்தப் பிடிப்பைச் சிறிது குறைக்கிறது. முதல் காரின் எடையைத் தொடாமல் ஈர்ப்பு மையத்தை மட்டும் 45 சென்டிமீட்டருக்கு இறக்கினால் 450 கிலோ என்பது 406 கிலோ ஆகும். எத்தனை கிலோ என்பதோடு, அந்தக் கிலோ எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம் என்று சொல்வது இதனால்தான்.

உயரத்தைப் போலவே நீளவாக்கிலும் இடம் முக்கியம். தண்ணீர்க் காவடி சுமப்பவர் சட்டென்று திரும்ப முடியாது. அதே பாரத்தை இடுப்போடு அணைத்துத் தூக்கினால் எளிதாகத் திரும்பிவிடலாம். முன் பம்பருக்குப் பின்னாலும் டிக்கியின் கடைசியிலும் பாரம் வைத்திருக்கும் கார் வளைவுக்குள் நுழையத் தயங்குவதும், திரும்பத் தொடங்கிய பின் நிறுத்த முடியாமல் சுழல்வதும் இதே காரணத்தால்தான். இன்ஜினை நடுவில் வைக்கும் கார்களின் சுறுசுறுப்புக்கும் இதுவே அடிப்படை.

எடையின் செல்வாக்கு குறையும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் காற்றுத் தடையே பெரிய எதிரி. சமதளப் பாதையில் காரின் உச்ச வேகத்தை முடிவு செய்வது வடிவமும் திறனுமே, எடை மிகச் சிறிய அளவுக்குத்தான். மேலும், போதிய திறனும் நல்ல டயரும் காற்றியக்க வடிவமும் இருந்தால் கனமான காரும் வியக்கத்தக்க வேகத்தில் ஓடும்: 2,200 கிலோவுக்கு மேல் எடையுள்ள மின்சாரக் காரான போர்ஷே டைக்கான் டர்போ ஜிடி, ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் வடவளையத்தை 7 நிமிடம் 7.55 நொடியில் சுற்றியிருக்கிறது. ஆனால் அந்தக் காரின் வைசாக் பதிப்பிலிருந்து பின் இருக்கைகளை எடுத்து ஏறத்தாழ 70 கிலோவைக் குறைத்தவர்களும் அதே போர்ஷே பொறியாளர்கள்தாம். ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் கையில் வைத்திருப்பவர்களே பின் இருக்கையை விட்டுவைக்கவில்லை.

பந்தய அமைப்பாளர்களும் எடையை ஒரு கருவியாகவே கையாள்கிறார்கள். ஜப்பானின் சூப்பர் ஜிடி போட்டியில் புள்ளிகள் சேரச் சேரக் காரில் கூடுதல் எடை ஏற்றப்படுகிறது. அடுத்த பந்தயத்தில் அந்தக் காரின் வேகத்தைக் குறைக்க அதுவே போதுமானது. ஃபார்முலா 1-இல் 10 கிலோவுக்கு ஒரு சுற்றில் ஏறத்தாழ 0.3 நொடி என்று கணக்கிடுவது வழக்கம்.

காரை எடை மேடையில் ஏற்றுங்கள்

நிறுவனம் அச்சிடும் எடையை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். சில நிறுவனங்கள் எரிபொருளும் எண்ணெயும் இல்லாத உலர் எடையைச் சொல்கின்றன. ஜெர்மானியத் தர அளவில் 90 சதவீத எரிபொருள் சேர்ந்திருக்கும், ஓட்டுநர் இருக்கமாட்டார். ஐரோப்பிய அளவில் 75 கிலோ ஓட்டுநரும் சேர்ந்திருப்பார். ஒரே காருக்கு மூன்று எண்கள் கிடைக்கும். சன்ரூஃப், பெரிய சக்கரம், கூடுதல் ஸ்பீக்கர் ஆகியவை எந்த எண்ணிலும் சேராமல் போகலாம்.

லாரிகளை நிறுக்கும் கணினி எடை மேடை உங்கள் ஊரிலேயே இருக்கும். இருங்காட்டுக்கோட்டை போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் சாலையோரமாகவே பலவற்றைக் காணலாம். சிறிய கட்டணம் கொடுத்தால் சீட்டு போட்டுத் தருவார்கள். அந்த மேடைகள் பெரும்பாலும் 10 கிலோ படிகளில்தான் எடையைக் காட்டும் என்றாலும், தொடக்கத்துக்கு அது போதும். தடத்தில் ஓட்டும்போது இருக்கப்போகும் அளவுக்குப் பெட்ரோல் வைத்துக்கொண்டு, நீங்கள் உள்ளே அமர்ந்த நிலையிலேயே மூன்று முறை நிறுங்கள்: முழுக் காரும் மேடையில், முன் சக்கரங்கள் மட்டும் மேடையில், பின் சக்கரங்கள் மட்டும் மேடையில். மேடையும் அதையொட்டிய தரையும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முன், பின் எடைகளின் கூட்டுத்தொகை மொத்த எடையோடு ஒத்துப்போகாது.

எடுத்துக்காட்டாக, மொத்தம் 1,120 கிலோவில் முன்பக்கம் 690 கிலோ இருந்தால், முன்பக்கப் பங்கு 61.6 சதவீதம். இந்த எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் காரிலிருந்து எதைக் கழற்றினாலும், மொத்தம் எவ்வளவு குறைந்தது என்பதோடு இந்தப் பங்கு எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். முன்சக்கர இயக்கமுள்ள ஹேட்ச்பேக் காரில் டிக்கியைக் காலி செய்தால் எடை குறையும். ஆனால் மூக்குப் பக்கத்தின் பங்கு கூடும். கடுமையாகப் பிரேக் பிடிக்கையில் பின்பக்கம் மேலும் இலகுவாகி ஆட்டம் காட்டக்கூடும். இதைத் தெரிந்துகொண்டு முதல் சில சுற்றுகளில் பிரேக்கை நேர்க்கோட்டிலேயே முடித்துக்கொள்வது பாதுகாப்பானது.

செலவில்லாமல் குறையும் எடையை முதலில் இறக்குங்கள்

டிக்கியிலுள்ள ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் பை, பின்னிருக்கையில் கிடக்கும் குழந்தை இருக்கை, தரை விரிப்புகள், கதவுப் பைகளில் உள்ள தண்ணீர் பாட்டில்கள், சில்லறை நாணயங்கள் வரை அனைத்தையும் பிட் பகுதியில் (தடத்தையொட்டிக் கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) இறக்கி வைத்துவிடுங்கள். இவற்றில் பல எடைக்காக மட்டும் இறக்கப்படுபவை அல்ல: உருண்டு வந்து பிரேக் பெடலின் அடியில் மாட்டிக்கொள்ளும் ஒரு பாட்டில், எந்த எடைக் கணக்கையும்விடப் பெரிய ஆபத்து. ஓட்டுநர் பக்கத்துத் தரை விரிப்பும் அப்படியே.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 45 லிட்டர் கொள்ளும் டேங்க்கில் 15 லிட்டர் மட்டும் வைத்துக்கொண்டால் 22 கிலோ குறைகிறது. அதற்கும் கீழே போக வேண்டாம். சாலைக் காரின் டேங்க் பந்தயத்துக்காக வடிவமைக்கப்பட்டதன்று. நீண்ட வளைவில் எரிபொருள் ஒருபக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கினால், வளைவின் நடுவில் இன்ஜின் திணறும். தடத்தில் காரின் பெட்ரோல் செலவு, சாலையில் ஆவதைப் போலப் பல மடங்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

பக்கத்து இருக்கையில் நண்பரை ஏற்றிக்கொள்ளும் ஆசையும் எடைதான். 70 கிலோ நண்பர் ஒருவர், பெரும்பணம் கொடுத்து வாங்கும் கார்பன் பானெட் மிச்சப்படுத்துவதைப் போலப் பல மடங்கு எடையை ஒரே நொடியில் ஏற்றிவிடுகிறார்.

பணம் செலவிடுவதானால் எங்கே

என் பரிந்துரை: முதலில் பிரேக், அடுத்து டயர், பிறகு சக்கரம். முதல் இரண்டும் எடையைக் குறைப்பவை அல்ல. இருக்கும் எடையைச் சமாளிக்க உதவுபவை. புதியவருக்கு அதுதான் முதலில் வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகைப் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் அதற்கான வரம்பு 155 டிகிரிதான். கனமான கார் ஒன்று தொடர்ந்து நான்கைந்து சுற்றுகள் வேகமாக ஓடினால் காலிப்பருக்குள் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) அந்த வெப்பம் வந்துவிட வாய்ப்பு உண்டு; ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால் பெடல் பஞ்சு போல் உள்ளே போகும், கார் நிற்காது. ஆகவே தடத்துக்குப் போவதற்கு முந்தைய வாரம் புது ஆயில் மாற்றி, காற்றை முழுமையாக வெளியேற்றி, டிஸ்க்கை அழுத்தும் பிரேக் பேடுகளின் கனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உடலிலிருந்து குறையும் ஒரு கிலோவும் சக்கரத்திலிருந்து குறையும் ஒரு கிலோவும் ஒன்றல்ல. டயரின் வெளிவிளிம்பில் இருக்கும் எடையை முன்னோக்கி நகர்த்துவதோடு சுழற்றவும் வேண்டியிருப்பதால், வேகமெடுக்கும்போது அது ஏறத்தாழ இரு மடங்காகக் கணக்கில் வருகிறது. அதோடு, சக்கரம், டயர், டிஸ்க், காலிப்பர் ஆகியவை சஸ்பென்ஷன் சுருள்வில்லுக்குக் கீழே இருப்பவை. அவை கனமாக இருந்தால், தடத்தின் மேடு பள்ளங்களிலும் வளைவோரக் கட்டைகளிலும் ஏறி இறங்கும்போது ஷாக் அப்சார்பரால் டயரைத் தரையோடு பிடித்துவைக்க முடிவதில்லை. தோற்றத்துக்காக இரண்டு அங்குலம் பெரிய, கனமான அலாய் சக்கரம் போடுவது தடத்தில் பின்னடைவையே தரும். நிறுவனம் பரிந்துரைக்கும் அளவிலேயே இலகுவான சக்கரத்தைத் தேடுங்கள். வாங்குமுன் அதைத் தராசில் வைத்துப் பாருங்கள். சான்றில்லாத மலிவான சக்கரம் வளைவில் உடைந்தால் குறைத்த எடைக்குப் பொருளே இல்லை.

இதற்குப் பின் வருபவை பேட்டரியும் எக்ஸாஸ்ட்டும். வழக்கமான ஈயப் பேட்டரிக்குப் பதில் லித்தியம் பேட்டரி வைத்தால் 10 கிலோ அளவுக்குக் குறையும். காரின் சார்ஜ் அமைப்பு அதற்கு ஒத்துவருமா என்பதை நன்கறிந்த மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எதைத் தொடக் கூடாது

1973-இல் போர்ஷே தயாரித்த 911 கரேரா ஆர்எஸ் 2.7-இன் இலகுப் பதிப்பில் மெல்லிய தகடும் மெல்லிய கண்ணாடியும் இருந்தன. கதவை உள்ளிருந்து திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு வார்ப்பட்டை. பின் இருக்கை இல்லை. அதன் எடை ஏறத்தாழ 960 கிலோ, அதே காரின் சொகுசுப் பதிப்பு 1,075 கிலோ. இதைப் பார்த்துத் தாமும் கதவு அட்டை, ஏர்பேக், பம்பர் உள்ளிருக்கும் இரும்புக் கட்டை என்று கழற்றத் தொடங்குபவர்கள் உண்டு. ஒரு தொழிற்சாலை கணக்கிட்டுச் செய்த வேலைக்கும், நம் வீட்டு முற்றத்தில் ஸ்பேனர் பிடிப்பதற்கும் இடையே உள்ள தூரம் பெரியது. ஏர்பேக், சீட் பெல்ட், தலை தாங்கி, கதவினுள் உள்ள பாதுகாப்புக் குழாய், பம்பர் கட்டை ஆகிய எதையும் எடைக்காகக் கழற்றாதீர்கள். பந்தய இருக்கையும் பல புள்ளிப் பெல்ட்டும் பொருத்த விரும்பினால், உருளும்போது கூரையைத் தாங்கும் ரோல் கேஜும் சேர்ந்தே வர வேண்டும்: சாதாரண சீட் பெல்ட்டில் கூரை நசுங்கினால் உடல் பக்கவாட்டில் சாய இடமிருக்கும்; பல புள்ளிப் பெல்ட் உங்களை நிமிர்த்தியே கட்டிவைத்திருக்கும். ரோல் கேஜ் தானும் பல கிலோ எடை கொண்டதுதான். அந்த எடையை மனமார ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, பதிவு செய்யப்பட்ட வாகனத்தின் அடிப்படை விவரங்கள் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி அதை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. அலுவலகத்துக்கும் போய்வரும் கார் என்றால், அன்று மாலையே திரும்பப் பூட்டக்கூடியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தடத்தில் எடையை உணர்ந்து பாருங்கள்

முதல் அமர்வில் நேரம் பார்க்க வேண்டாம். டயரும் பிரேக்கும் சூடேற இரண்டு மெதுவான சுற்றுகள், பிறகு மூன்று நான்கு சுற்றுகள் முக்கால் வேகத்தில், கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் குளிர்விக்கும் ஒரு சுற்று. பிட்டுக்குள் வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். சூடான பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். காரை முதல் கியரில் நிறுத்திவிட்டு உடனே டயர் அழுத்தத்தைப் பாருங்கள். 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ வைத்த டயரின் உள்ளே காற்று 80 டிகிரிக்குச் சூடேறினால் அழுத்தம் 40 பிஎஸ்ஐ-ஐ நெருங்கும். அந்த அளவுக்கு உப்பிய டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். பாரம் அதிகமுள்ள காரில் டயர் இன்னும் விரைவாகச் சூடேறும். நான்கு டயர்களின் சூடான அழுத்தத்தையும் தனித்தனியே குறித்துக்கொண்டு, தடத்தில் இருக்கும் அனுபவமுள்ள பயிற்றுநரிடம் காட்டி, எவ்வளவு இறக்குவது என்று கேளுங்கள்.

அமைப்பாளர்கள் அனுமதித்தால், ஓர் அமர்வைத் தனியாகவும் அடுத்ததைப் பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் ஓட்டுங்கள். வளைவுக்கு 100 மீட்டர் முன்னே இருக்கும் பலகையருகே வழக்கம்போல் பிரேக் பிடிக்கும்போது கார் சற்று நீளமாகப் போவதையும், வளைவின் உச்சியில் ஸ்டியரிங்கைச் சிறிது கூடுதலாகத் திருப்ப வேண்டியிருப்பதையும், வெளியேறும்போது இன்ஜின் மெதுவாகச் சுழன்றேறுவதையும் உங்கள் கைகளும் கால்களுமே சொல்லும். குறிப்பேட்டில் அமர்வு எண், பெட்ரோல் அளவு, காரில் எத்தனை பேர், டயர் அழுத்தம், சுற்று நேரம், பிரேக் எங்கே பிடித்தீர்கள் ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சக்கரத்தையும் டயரையும் ஒரே நாளில் மாற்றினால், கிடைத்த ஒரு நொடி எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

காரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் பெயர் தந்த எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் சிறிய இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். ஃபார்முலா மாருதி பந்தயங்கள் அந்தக் கார்களில்தான் நடந்தன. சுமக்க வேண்டிய எடை குறைவாக இருந்ததால் அந்தச் சின்ன இன்ஜினே பந்தயத்துக்குப் போதுமானதாக இருந்தது. திறன் போதவில்லை என்று உங்களுக்குத் தோன்றும்போதெல்லாம் அடுத்த முறை இன்ஜினைத் தொடுவதற்கு முன் எடை மேடைச் சீட்டை மீண்டும் எடுத்துப் பாருங்கள்.

நாள் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன் ஸ்டெப்னியும் ஜாக்கியும் டிக்கிக்குத் திரும்ப வேண்டும். வீல் நட்டுகளை டார்க் ரென்ச்சால் கைப்புத்தகத்திலுள்ள அளவுக்கு மீண்டும் இறுக்குங்கள்; சூடேறிக் குளிர்ந்ததில் சில நட்டுகள் தளர்ந்திருக்கக்கூடும். பேடின் கனத்தைச் சக்கர இடைவெளி வழியாகப் பார்த்து, பெடலை நின்ற இடத்திலேயே நான்கைந்து முறை மிதித்து, அது அன்று காலையில் இருந்த உயரத்திலேயே கெட்டியாக நிற்கிறதா என்று உறுதி செய்த பிறகே நெடுஞ்சாலையில் ஏறுங்கள். பெடல் இறங்கியிருந்தால் காரை இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.